பாலை எந்த வகையில் சேர்ப்பது? கலவைகளை வகைப்படுத்தும் முறை

பள்ளி வேதியியலில் கலவைகளைப் பற்றிய பாடம் தொடங்கியதும் முதலில் எழும் குழப்பம் பாலைப் பற்றியது. உப்புக் கரைசல் ஒருபடித்தான கலவை என்றும், மணல் கலந்த நீர் பலபடித்தான கலவை என்றும் தயங்காமல் எழுதிவிடும் மாணவர், பாலுக்கு வரும்போது பேனாவை நிறுத்திவிடுகிறார். பால் கண்ணுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே வெண்மையாகத் தெரிகிறது. வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டினாலும் துணியில் எதுவும் தங்குவதில்லை. ஆனாலும் பாடநூல் அதைப் பலபடித்தான கலவை என்கிறது. பாடநூல் சொல்வது சரிதான். ஏனெனில் கலவையின் வகையைக் கண்ணின் தீர்ப்பைக் கொண்டு முடிவுசெய்வதில்லை. ஒரு பொருள் மற்றொன்றினுள் எவ்வளவு சிறிய துகள்களாகப் பிரிந்து நிற்கிறது என்பதைக் கொண்டே முடிவுசெய்கிறோம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாடத்தின் மற்ற பகுதிகள் தாமாகவே விளங்கும்.

முதலில் கலவை எது, சேர்மம் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சுண்ணாம்பைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. காளவாயில் சுட்டெடுத்த சுண்ணாம்பின் மீது நீரை ஊற்றினால், அது சீறிக்கொண்டு சூடேறி, உடைந்து, வெண்ணிற மாவாக நீறுகிறது. இங்கே நடப்பது வேதிவினை. 56 கிராம் கால்சியம் ஆக்சைடு சரியாக 18 கிராம் நீருடன் மட்டுமே கூடி 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடாகிறது; கூடுதலாக ஊற்றிய நீர் இந்த வினையில் சேராது. இவ்வாறு மாறாத விகிதத்தில் கூடி, பழைய இயல்புகளை இழந்து, புதிய பொருளாவது சேர்மம். நீற்றிய சுண்ணாம்பில் மேலும் நீர் ஊற்றிக் கலக்கி வெள்ளையடிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவதோ கலவை. அதைக் கெட்டியாகவும் வைத்துக்கொள்ளலாம், தண்ணீராகவும் இளக்கலாம். விகிதத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, நீர் நீராகவே இருக்கிறது, சுண்ணாம்பு சுண்ணாம்பாகவே இருக்கிறது. (சுட்ட சுண்ணாம்பு நீறும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடாகித் தெறிக்கும், பிள்ளைகள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

கலக்கிய அந்தச் சுண்ணாம்பு நீரைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் வெண்மை அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். பார்வைக்கு வெறும் தண்ணீர்போலத் தெரியும் அந்தத் தெளிவிலும் லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்தே இருக்கிறது. ஒரு குழாயின் வழியாக அதனுள் மூச்சை ஊதினால், மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதனுடன் வினைபுரிந்து, கரையாத கால்சியம் கார்பனேட்டைத் தோற்றுவிக்க, தெளிவு பால்போலக் கலங்கும். 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் பூசிய சுண்ணாம்புச் சாந்து இறுகியதும் இதே வினையால்தான். அங்கே கார்பன் டை ஆக்சைடு காற்றிலிருந்து மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. நமக்கு வேண்டிய செய்தி வேறு: ஒரே பானையில், ஒரே இரு பொருள்களைக் கொண்டு, அடியில் ஒருவகைக் கலவையும் மேலே இன்னொரு வகைக் கலவையும் இருக்க முடிகிறது.

எந்தப் பகுதியிலிருந்து எடுத்தாலும் இயைபு மாறாத கலவையை ஒருபடித்தானது என்றும், பகுதிக்குப் பகுதி இயைபு மாறுபடுவதைப் பலபடித்தானது என்றும் சொல்கிறோம். திண்மங்களில் இந்த வேறுபாட்டைக் காண மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பலகை ஒன்றே போதும். மெருகேற்றிய பரப்பைக் கூர்ந்து பார்த்தால் கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ், வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ உள்ள ஃபெல்ட்ஸ்பார், கறுத்து மின்னும் மைக்கா ஆகியவை தனித்தனி மணிகளாகப் பதிந்திருப்பது தெரியும். எனவே அது பலபடித்தான கலவை. தெற்காவணி மூல வீதி நகைக்கடையில் வாங்கும் 22 காரட் தங்கமும் கலவைதான். 916 என்று அதில் முத்திரை இருந்தால், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், எஞ்சியது செம்பு, வெள்ளி போன்ற பிற உலோகங்கள் என்று பொருள். ஆனால் அந்த நகையை எங்கே உரைத்துப் பார்த்தாலும் அதே விகிதம் கிடைக்கும், ஏனெனில் உருக்கிக் கலந்தபோது அணுக்கள் அணுக்களோடு கலந்துவிட்டன. பித்தளையும் அப்படியே. வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்தால் எப்போதும் ஒருபடித்தான கலவையே உண்டாகும். தூசியும் புகையும் இல்லாத உலர் காற்றில் எங்கும் நைட்ரஜன் ஏறத்தாழ 78 விழுக்காடும் ஆக்சிஜன் 21 விழுக்காடும் இருக்கின்றன.

ஒருபடித்தான கலவையைத்தான் உண்மைக் கரைசல் என்கிறோம். கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான். அறை வெப்பநிலையில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் சாதாரண உப்பை மட்டுமே கரைக்கும்; அதே நீர் சீனியை 200 கிராம் வரை வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போட்டது அடியில் தங்கிவிடும். அந்நிலையை எட்டிய கரைசல் தெவிட்டிய கரைசல். நீரைச் சூடாக்கினால் சீனியின் கரைதிறன் வெகுவாக உயரும், உப்பினுடையது சற்றே உயரும். பாகு காய்ச்சுபவர்களுக்கு முதல் பாதி அனுபவத்தில் தெரிந்ததுதான். வாயுவும் நீர்மத்தில் கரையும், ஆனால் அழுத்தம் கூடும்போது அதிகமாகவும், வெப்பம் கூடும்போது குறைவாகவும் கரையும். கோலி சோடாவில் கோலியை உள்ளே தள்ளியதும் அழுத்தம் சட்டென்று குறைவதால் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு குமிழியாக வெளிவருகிறது. மூடியிருந்தவரை ஒருபடித்தான கலவையாக இருந்த சோடா, பொங்கும் அந்தக் கணத்தில் பலபடித்தானதாகிவிடுகிறது.

இனி அளவுகளுக்கு வருவோம். உண்மைக் கரைசலில் கரைபொருள் தனித்தனி மூலக்கூறுகளாகவோ அயனிகளாகவோ பிரிந்து, பொதுவாக 1 நானோமீட்டருக்கும் குறைவான அளவில் நிற்கிறது. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு நானோமீட்டர். துகள்கள் ஏறத்தாழ 1 முதல் 1000 நானோமீட்டர் வரை இருந்தால் அது கூழ்மம். அதற்கும் பெரியதாக இருந்தால் தொங்கல். மேல் எல்லையைச் சில நூல்கள் 100 என்றும், சில 200 என்றும், வேறு சில 1000 என்றும் வைக்கின்றன. இதைக் கண்டு மாணவர்கள் குழம்ப வேண்டியதில்லை. எல்லைகளை நாம் வசதிக்காக வகுத்துக்கொண்டோமே தவிர, இயற்கையில் துகள்களின் அளவு இடைவெளியின்றித் தொடர்ந்தே மாறுகிறது. இவ்வகைப் பொருள்களைத் தனி இனமாகப் பிரித்து 1861-இல் கூழ்மம் என்னும் கருத்தை முன்வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். மெல்லிய சவ்வின் வழியே சில பொருள்கள் எளிதில் கடந்துவிடுவதையும், பசை, ஜெலட்டின் போன்றவை கடக்க முடியாமல் தங்கிவிடுவதையும் கண்டே அவர் அந்தப் பிரிவினையைச் செய்தார்.

நானோமீட்டரை வீட்டில் அளக்க முடியாது, ஆனால் வகையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரே மாதிரியான மூன்று கண்ணாடித் தம்ளர்களில், கொதிக்க வைத்து ஆறிய பின் வடிகட்டிய நீரை முக்கால் பங்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். முதல் தம்ளரில் ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டாவதில் நான்கைந்து சொட்டுப் பால், மூன்றாவதில் ஒரு சிட்டிகைச் செம்மண். உப்புக்குப் பதில் சீனியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பொடியுப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருளும், கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மண்ணும் நீரைச் சற்றே கலங்கவைத்து முடிவைக் கெடுத்துவிடும். மூன்றையும் நன்றாகக் கலக்கி, விளக்கை அணைத்து, கைப்பேசியின் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்துப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். சீனிக் கரைசலில் ஒளி சென்ற தடமே ஏறக்குறையத் தெரியாது. பால் சொட்டிய நீரில் ஒளியின் பாதை இலேசான நீலச்சாயலோடு தெளிவாகத் தெரியும். அதே தம்ளரை ஒளிக்கு நேர் எதிரே பிடித்துப் பார்த்தால் ஒளி சற்று மஞ்சளாகத் தோன்றும். மண்நீரில் ஒளி கலங்கலில் மறைந்துபோகும்.

கூழ்மத் துகள்கள் ஒளியை இவ்வாறு சிதறடிப்பதே டிண்டால் விளைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஜான் டிண்டாலின் பெயரால் வழங்குகிறது. சிறு துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால் பக்கவாட்டில் நீலமும், சிதறாமல் எஞ்சி நேரே வருவதில் மஞ்சளும் தெரிகின்றன. சாம்பிராணிப் புகை நிறைந்த அறையில் சன்னல் வழியே விழும் வெயில் தூண்போலத் தெரிவதும் இதே காரணத்தால்தான். புகையும் ஒரு கூழ்மமே, அதில் திண்மத் துகள்கள் வாயுவில் பரவியிருக்கின்றன. கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டியின் முகப்பு விளக்கை மங்கச் செய்யும் மூடுபனியில் நீர்த்துளிகள் காற்றில் பரவியிருக்கின்றன. அத்துளிகள் பல 1000 நானோமீட்டருக்கும் பெரியவை என்றாலும், பாடநூல்கள் அதையும் கூழ்ம வரிசையிலேயே வைக்கின்றன.

மூன்று தம்ளர்களையும் இரவு முழுவதும் அசைக்காமல் வைத்தால் இரண்டாம் வேறுபாடு தெரியவரும். சீனி படியவே படியாது. பால் சொட்டிய நீர் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மண்ணில் பெருமளவு அடியில் படிந்திருக்கும், ஆனால் மேல்நீர் முழுவதும் தெளிந்திருக்காது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. நீரில் 0.1 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நுண்மணல் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்கச் சில வினாடிகளே ஆகும், 0.002 மில்லிமீட்டர் அளவுள்ள களிமண் துகளுக்கு அதே ஆழம் இறங்க ஏறத்தாழ 8 மணி நேரமாகும். அதில் பாதி அளவுள்ள துகளுக்கு ஒரு நாளையும் தாண்டும். துகளின் குறுக்களவு பாதியானால் படியும் நேரம் நான்கு மடங்காகிறது என்பதே விதி. இன்னும் சிறிய துகள்களை, எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து மோதும் நீர் மூலக்கூறுகள் ஓய்வில்லாமல் அலைக்கழிப்பதால், அவை படிவதற்கே வாய்ப்பில்லை. இந்த அலைவை 1827-இல் நுண்ணோக்கியில் கவனித்தவர் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன்; அதற்கான காரணத்தைக் கணித வழியில் 1905-இல் விளக்கியவர் ஐன்ஸ்டைன்.

வைகையில் வெள்ளம் வரும்போது ஓடும் செந்நிற நீரை ஒரு குடத்தில் முகந்து வைத்தவர்கள் இந்தக் கணக்கைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். மணல் உடனே தங்கும், வண்டல் சிறிது நேரத்தில் தங்கும், ஆனால் நீரின் செம்மை மட்டும் மறுநாளும் போகாது. அதற்குக் காரணம் நுண்ணிய களிமண். அதன் துகள்கள் அனைத்தும் எதிர்மின் சுமை கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் நிற்கின்றன. படிகாரத்தைச் சிறிது கரைத்தால், அதிலுள்ள அலுமினிய அயனிகளின் நேர்மின் சுமை அந்த விலக்கத்தைத் தணித்துவிடும். அலுமினியம் நீருடன் சேர்ந்து உண்டாக்கும் பஞ்சுபோன்ற வீழ்படிவும் துகள்களை வாரிக்கொண்டு அடியில் இறங்கும். இதையே திரிதல் என்கிறோம். குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆற்று நீருக்குச் செய்வதும் அடிப்படையில் இதுவே. நம் கிராமங்களில் இதற்குத் தேற்றாங்கொட்டையைப் பயன்படுத்தினார்கள். மண்பானையின் உட்புறத்தில் சில துளி நீர்விட்டு, கொட்டையைச் சந்தனம் உரைப்பதுபோல உரைத்து, அதன்மேல் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். விதையிலிருந்து நீரில் இறங்கும் நீண்ட மூலக்கூறுகள் களிமண் துகள்களைப் பிணைத்துத் திரட்டுகின்றன. தொங்கலுக்கும் கூழ்மத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்ட துகள்களைப் பெரிதாக்கித் தொங்கலின் பக்கம் தள்ளிவிடுவதே இரண்டு முறைகளும் செய்யும் வேலை.

இப்போது பாலுக்குத் திரும்பலாம். பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். அந்த நீரில் பாலின் சர்க்கரையான லாக்டோசும் சில உப்புகளும் மூலக்கூறு அளவில் கரைந்திருக்கின்றன. அந்த அளவில் பால் ஓர் உண்மைக் கரைசல். பாலின் புரதங்களில் பெரும்பங்கான கேசின், 50 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள சிறு திரள்களாகப் பரவியிருக்கிறது. அந்த அளவில் அது கூழ்மம். கொழுப்போ சிறு துளிகளாக இருக்கிறது; அவற்றில் பல 1000 நானோமீட்டரைத் தாண்டி, சராசரியாக 3000 முதல் 4000 நானோமீட்டர் வரை இருக்கின்றன. ஒரு நீர்மம் இன்னொரு நீர்மத்தில் இவ்வாறு துளிகளாகப் பரவியிருந்தால் அது பால்மம். நல்லெண்ணெயையும் நீரையும் குலுக்கி வைத்தால் சற்று நேரத்தில் பிரிந்துவிடுகின்றன; பாலின் கொழுப்புத் துளிகளைச் சுற்றியோ ஒரு மெல்லிய உறை இருப்பதால் அவை எளிதில் ஒன்றுசேர்வதில்லை. ஆயினும் பெரிய துளிகள் நீரைவிட இலேசானவை என்பதால் மெல்ல மேலே ஏறி ஏடாகின்றன. கறந்த பாலை வைத்தால் ஏடு கட்டுவதும், ஆலையில் துளிகளை உடைத்துச் சிறிதாக்கிய பாக்கெட் பாலில் அது குறைவாகக் கட்டுவதும் இதனால்தான். ஆக, பாடநூல் பாலைக் கூழ்மம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது தேர்வுக்குப் போதும், உண்மையில் அது மூன்று அளவுகளையும் தன்னுள் வைத்திருக்கிறது.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவையைப் பற்றிப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். வேதியியலின்படி அந்த அன்னத்துக்கு இது ஆகாத காரியம். பாலில் ஊற்றிய தண்ணீர் முன்பே அதிலுள்ள நீரோடு ஒன்றாகிவிடுகிறது. ஊற்றிய நீர் எது, பசு தந்த நீர் எது என்று பிரிக்க எந்த வடிகட்டியாலும் முடியாது. பால்மானி காட்டுவதும் அடர்த்தி குறைந்திருக்கிறது என்பதை மட்டுமே. அடர்த்தி குறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு நீரைச் சேர்த்தால் அந்தக் கருவியையும் ஏமாற்றிவிடலாம்.

பாலில் உறை ஊற்றினால் நுண்ணுயிர்கள் லாக்டோசை லாக்டிக் அமிலமாக்குகின்றன. அமிலம் கூடக்கூடக் கேசின் திரள்களுக்கு இடையே இருந்த விலக்கம் தளர்ந்து, அவை வலைபோலப் பிணைந்து நீரைத் தம்முள் சிறைப்படுத்துகின்றன. அதுவே தயிர், கூழ்ம வகைகளில் களி என்பதற்கு எடுத்துக்காட்டு. தயிரை மத்தால் கடையும்போது கொழுப்புத் துளிகளின் உறை கிழிந்து அவை ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாகத் திரள்கின்றன. பாலில் நீருக்குள் கொழுப்பு இருந்தது. வெண்ணெயில் கொழுப்புக்குள் நீர்த்துளிகள் இருக்கின்றன, ஏறத்தாழ 16 விழுக்காடு. உருக்கும்போது சடசடவென்று ஓசை எழுப்பி வெளியேறுவது இந்த நீர்தான். அது முழுவதும் போனபின் நெய்.

களிக்கு இன்னொரு சான்று ஜிகர்தண்டாவில் கிடக்கும் கடல்பாசித் துண்டு. (கடைக்குக் கடை வேறுபடும், பல இடங்களில் பாதாம் பிசின் போடுகிறார்கள், அதுவும் ஊறினால் களியே.) பாசியிலிருந்து எடுக்கும் அகர் கொதிநீரில் கரைந்து, 40 டிகிரிக்குக் கீழே ஆறும்போது உறைகிறது, ஆனால் மறுபடியும் உருக 85 டிகிரி வரை சூடாக்க வேண்டும். வெட்டினால் துண்டாகும் அந்தக் கட்டியில் 98 விழுக்காடுகூட நீராக இருக்கலாம். ஜிகர்தண்டாத் தம்ளர் முழுவதையும் எடுத்துக்கொண்டால், நன்னாரி சர்பத்தின் சர்க்கரை கரைசல், காய்ச்சிய பால் கூழ்மமும் பால்மமும், கடல்பாசி களி, ஐஸ்கிரீம் காற்றுக் குமிழியும் கொழுப்பும் பனிப்படிகமும் சேர்ந்த நுரை. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் பலபடித்தான கலவை. தேர்வில் இதைக் கேட்டால் நன்றாக இருக்கும்.

வகையை அறிந்தால் பிரிக்கும் வழியும் உடனே தெரியும். கண்ணுக்குத் தெரியும் துகள்களைப் புடைத்தும், சலித்தும், அரித்தும் பிரிக்கலாம். தொங்கலைத் தெளியவைத்து இறுத்தோ வடிகட்டியோ பிரிக்கலாம். கூழ்மத்துக்குத் திரிதலோ, மையவிலக்கோ, மெல்லிய சவ்வோ வேண்டும். உண்மைக் கரைசலுக்கு இவற்றுள் எதுவும் உதவாது. மதுரையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பளிங்குபோலத் தெளிவாக இருந்தும் உவர்ப்பாக இருப்பதை அறிவோம். அதைத் துணியில் வடிகட்டினாலும், படிகாரம் போட்டாலும், தேற்றாங்கொட்டை உரைத்தாலும் உவர்ப்பு குறையாது, ஏனெனில் உப்பு அயனிகளாகக் கரைந்திருக்கிறது. கொதிக்கவைத்தால் கடினத்தன்மைக்குக் காரணமான உப்புகளில் ஒரு பகுதி வெண்படிவாகப் பாத்திரத்தில் ஒட்டும், உவர்ப்பு அப்படியே நிற்கும். குடிநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அந்த அளவைக் குறைக்க வேண்டுமானால், நீரை ஆவியாக்கிக் குளிரவைக்கும் காய்ச்சி வடித்தலோ, அழுத்தம் கொடுத்து, கூழ்மத்துக்குச் சொன்னதைவிட நுண்ணிய சவ்வின் வழியே நீரை மட்டும் தள்ளும் எதிர்ச் சவ்வூடு பரவலோ வேண்டும். வீடுகளில் ஆர்ஓ என்று சொல்லும் கருவி இரண்டாவது முறையில் வேலை செய்வது.